கண்ணாடித் தரை

நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார் கிரேன் அக்கா. பிறகு குனிந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே பார்த்தார். அங்கே தரை விரிப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"என்னக்கா, தோடு விழுந்துடுச்சா?" என்றார் பயிற்சி கொடுக்க வந்த இளைஞர்.

"பெட்டியைத் தேடுறேன் தம்பி. பழக்க தோஷம்."

பத்தொன்பது வருடப் பழக்கம். துறைமுகக் கிரேனின் உச்சியில், பத்து மாடி உயரத்தில் தொங்கும் கூண்டுக்குத் தரையே கண்ணாடிதான். கால்களுக்கு நடுவே பார்த்துத்தான் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். அவர் வேலை கேட்டுப் போனபோது, "மேல பொம்பளைங்களுக்குக் கழிப்பறை கிடையாதே" என்று இழுத்தார்கள். "ஆம்பளைங்களுக்கு மட்டும் கட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். மறுநாளே வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து, ஏறுவதற்கு முன் அரை டம்ளர் தண்ணீர்; அதற்கு மேல் ஒரு வாய் கிடையாது. உயரம் பழகிவிட்டது. ஆனால் வீட்டில் மேல்தட்டு டப்பாவை எடுக்கக் கணவர்தான் வர வேண்டும்.

"பத்து மாடி ஏறுறவளுக்கு ஸ்டூல் ஏற பயமா?"

"ஸ்டூலுக்கு யாரு சம்பளம் தர்றா?"

அவருடைய தொழில் கணக்கு ஒன்றே ஒன்று: "பெட்டி உக்காந்தது லாரிக்காரருக்கே தெரியக் கூடாது."

இனிக் கூண்டு காலி. கிரேன்களை இந்தக் குளிரூட்டிய அறையிலிருந்தே, திரையைப் பார்த்து இயக்கப் போகிறார்கள். ஏழு பேருக்கு நான்கு நாற்காலிகள். அதற்குத்தான் இன்று தேர்வு. காலையில் முதல் வாய்ப்பில், பெட்டி லாரியைத் தொடும் நேரம் பார்த்து அக்காவின் கண் தானாகத் தரைக்குப் போய்விட்டது. பெட்டி இடித்து உட்கார்ந்தது. லாரி ஓட்டுநர் இறங்கிவந்து, கேமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுதான் கடைசி வாய்ப்புக்கா. கண்ணைத் திரையில வைங்க."

"அது என் பேச்சைக் கேட்டாத்தானே."

சட்டென்று இரண்டு கால்களையும் தூக்கி, நாற்காலியிலேயே சம்மணம் போட்டுக்கொண்டார். இனிக் குனிந்தாலும் தெரிவது சொந்த முழங்கால்தான்.

"அக்கா, இது ஆபீஸ்."

"பெட்டி இறங்கட்டும், காலும் இறங்கும்."

கைப்பிடியை இரண்டு விரலால் தள்ளினார். திரையில் பெட்டி ஆடியது, அடங்கியது, இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு லாரிக்காரர் சன்னல் வழியே தலையை நீட்டி, பெட்டி வந்துவிட்டதா என்று அண்ணாந்து பார்த்தார்.

அக்கா ஒரு காலை மட்டும் கீழே விட்டார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, கட்டைவிரலால் செருப்பைத் துழாவினார்.