தங்கமுத்துவின் தாடை

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் வெட்டிக்கொடுக்கும் தங்கமுத்துவுக்குத் தலையிடி வந்து எட்டு மாதம். ஒரு குருவிக்கும் சொல்லவில்லை. அவளுடைய தமையனுக்கும் தலையிடியில்தான் தொடங்கியது. மூளையில் கட்டி என்றார்கள். ஆறே மாதத்தில் ஆள் இல்லை. தனக்கும் அதுதான் என்று தங்கமுத்து முடிவுகட்டிவிட்டாள். சொன்னால் கணவன் கதிரவேலு கடலுக்குப் போகாமல் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்பான்.

நெற்றியைச் சுற்றி யாரோ இறுக்குவது போலிருக்கும். அதற்கு அவள் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள்: அதன் மேலேயே ஒரு துண்டைப் போட்டு இன்னும் இறுக்கிக் கட்டினாள்! போதாக்குறைக்குக் காலையும் மாலையும் கடையில் வாங்கிய குளிசையை விழுங்கினாள். கடைசியில் பயம் தாங்காமல், கோயிலுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

டொக்டர் நிவேதனா சின்னப் பெண். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், நடக்கவிட்டாள், என்ன வேலை, சத்தி வாந்தி வருமா, ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா என்று துருவித் துருவிக் கேட்டாள்.

“நான் செத்துப்போவனோ பிள்ளை? ஒளிக்காமல் சொல்லுங்கோ.”

“பொறுங்கோ அம்மா. கன காலம் கஷ்டப்பட்டனீங்களோ?”

“உதென்ன கேள்வி? சண்டைக்கு ஓடி இருபத்தேழு வருஷம் அகதி முகாமிலை பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள். இப்பதான் ஊருக்கு வந்திட்டமே, இனி என்ன?”

“இப்பவும் கடிச்சுக்கொண்டுதான் இருக்கிறியள்” என்றாள் டொக்டர்.

நக்கல் அடிக்கிறாளோ என்று தங்கமுத்துவுக்குச் சுள்ளென்று வந்தது. டொக்டரோ அவளுடைய விரல்களைப் பிடித்து அவளுடைய நெற்றிப்பொட்டிலேயே வைத்தாள். “இப்ப பல்லை விடுங்கோ.”

விட்டாள். விரலுக்கடியில் மணலுக்குள் நண்டு அசைவதுபோல ஏதோ அசைந்து இறங்கியது.

“என்ரை அம்மாளாச்சி!”

“கட்டிக்கான அறிகுறி ஒண்டும் இல்லை. உந்தத் தசையளும் கழுத்தும் தோளும் இறுகித்தான் இடிக்குது. நாளாந்தம் போட்டால் குளிசையே தலையிடியைத் தரும். கிழமையிலை ரெண்டு நாளுக்கு மேலை வேண்டாம். குனிஞ்சபடி வெட்டாதேங்கோ. உதடு சேரலாம், பல்லு சேரக்கூடாது. திடீரெண்டு தாங்கேலாமல் இடிச்சாலோ, கை கால் விறைச்சாலோ உடனை ஓடி வாங்கோ.”

சாகப்போவதில்லை! பஸ்ஸில் குந்தியிருந்து அழுதாள். அழும்போதும் பார்த்தால் பல் கடித்தபடி. விட்டாள். ஒரு பள்ளத்தில் பஸ் விழுந்தது, மறுபடி கடித்திருந்தாள். கொண்டக்டர் அதட்டினான், மறுபடியும். தன் உடம்புக்குள் இப்படியொரு ஆள் ராவும் பகலும் காவல் நின்றிருக்கிறானே, தனக்கே தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

மீன் வெட்டும் மரக்குத்தியைக் கல் வைத்து உயர்த்தினாள். பாரை மீனின் தலையைப் பிளக்க ஒவ்வொரு முறை கத்தியை ஓங்கும்போதும் தாடை தானாக இறுகும். நிறுத்தி, மூச்சுவிட்டு, வெட்டினாள். வாங்க வந்தவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று விட்டாள். குளிசையைக் குறைத்த முதல் பத்து நாளும் தலை முன்னைவிட மோசமாக இடித்தது. டொக்டரை மனதாரத் திட்டினாள். ஆறாவது கிழமை ஒரு காலை, தலையில் ஒன்றுமே இல்லை. கத்தியை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தாள். சத்தம் போட்டால் போய்விடுமோ என்று பயந்து பேசாமல் நின்றாள்.

அன்று கதிரவேலுவின் படகு கரை சேர்ந்தது. மீன் நிறைய இருந்தது, காற்றும் நல்ல காற்று, கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் வலையை இழுத்தவனின் காதடியில் அந்தத் தாடைத் தசை இறுகித் துடித்தது. பக்கத்துப் படகுக்காரனுக்கும் துடித்தது. ஐஸ் பெட்டி தூக்கியவனுக்கும், ஏலம் கூறுகிறவனுக்கும்கூட. தன்னோடு முகாமில் இருந்த அத்தனை பேருக்கும்! தங்கமுத்துவுக்கு உடம்பு புல்லரித்தது. கையைக் கழுவினாள். நேரே போய், துறைமுகமே பார்க்க, புருஷனின் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள்.

“என்னடியப்பா, விசரே?”

“பல்லை விடுங்கோ.”

“எந்தப் பல்லை?”

“விடுங்கோப்பா. நாங்கள் வீட்டை வந்திட்டம்.”

அவன் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தான். கூட்டம் சிரித்தது. அவளுடைய விரலுக்கடியில் அது மெல்ல மெல்ல இறங்கியது.