இரண்டாவது வட்டத்தில் பத்து முத்து

போன புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ஜெபமாலையோடு உட்கார்ந்தேன். மகள் ஜெஸ்லினின் பள்ளியில் அன்று அறிவியல் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். முதலிடம் கிடைத்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான்.

விரல் முத்துகளைத் தள்ளிக்கொண்டே போனது. எட்டு... ஒன்பது... பத்து. பிறகு இடைவெளி, பெரிய முத்து.

பத்தா?

விரல் அப்படியே நின்றது.

ஜெஸ்லின் செய்திருந்தது கால்சியம் அணு. நடுவில் பந்து, அதுதான் அணுக்கரு. சுற்றிலும் நான்கு கம்பி வட்டங்கள். எலக்ட்ரான்கள் இஷ்டத்துக்கு நிற்பதில்லை. வட்டத்துக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. கால்சியத்துக்கு முதல் வட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, மூன்றாவதில் எட்டு, கடைசியில் இரண்டு. மொத்தம் இருபது. எலக்ட்ரானுக்குப் பதில் முத்து, என் டப்பாவிலிருந்து. அக்டோபரில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பத்துப் பத்து முத்தாக ஜெபமாலை கோர்க்கும் பெண்களில் நானும் ஒருத்தி.

காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வேன் வரும் நேரம். முத்து கோர்ப்பது மட்டும் பாக்கி.

"நீ ரிப்பன் கெட்டு மக்ளே, முத்த நான் கோத்துத் தாரேன்."

"நடுவுல ரெண்டுலயும் எட்டெட்டும்மா."

"தெரியும்லா!"

எனக்குத் தெரியும். கைக்குத் தெரியுமா? முத்தைத் தொட்டால் அது பத்தில்தான் நிற்கும். அவள் இருபது எண்ணி வைத்திருந்தாள். நான்கு குறைந்தது. எங்காவது உருண்டிருக்கும் என்று டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டேன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

பள்ளிக்கு போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. குளச்சல் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தேன்.

"என்னக்கா, பிள்ள சோறு மறந்துட்டாளா?"

"இல்ல தம்பி... எலக்ட்ரான் கூடிப் போச்சு."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தவர், வண்டியை இன்னும் வேகமாக விட்டார். பள்ளி கருங்கலில். அந்த ஊர்ச் சந்தைப் பக்கம் வாழைக்குலை ஏற்றிய வண்டி ஒன்று குறுக்கே நின்றது. இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

ஹாலுக்குள் நுழையும்போது நடுவர் ஜெஸ்லினின் மேசை முன் நின்றிருந்தார். ஏதோ கல்லூரிப் பேராசிரியை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"மூணாவது வட்டத்துல இன்னும் இடமுண்டே மக்ளே. பெறவு எதுக்கு எட்டோட நிறுத்துன?"

"எட்டு ஆனதும் அடுத்த ரெண்டும் நாலாவது வட்டத்துக்குப் போவும் மிஸ். அங்க போக ஆற்றல் கொறச்சு போதும்."

"சரி. எட்டுதானா? எண்ணிக் காட்டு."

அவள் விரல் நகர்ந்தது. எட்டைத் தாண்டியது. பத்தில் நின்றது. இரண்டாவது வட்டமும் பத்து. அவள் முகம் வெளுத்ததை வாசலிலிருந்தே பார்த்தேன்.

ஆனால் அவள் அழவில்லை. கம்பியின் கொக்கியைக் கழற்றி, வட்டத்துக்கு இரண்டாக நான்கு முத்துகளை உருவி எடுத்தாள்.

"நாலு கூடிப்போச்சு மிஸ். கருவுல இருபது புரோட்டான். வெளியிலயும் இருபதுதான் வேணும். இப்பம் சரி."

பேராசிரியை சிரித்துவிட்டார்.

"நல்லா சொல்லுத. பின்ன கோக்கும்போ எண்ணலியா?"

"எண்ணல மிஸ். நான்தான் அவசரத்துல கோத்துட்டேன்."

நான் அங்கே சும்மா நின்றிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் நின்றிருப்பீர்களா?

"இல்ல மேடம்! நான் கோத்தது. பிள்ள எட்டுண்ணுதான் சொன்னா."

பேராசிரியையின் பேனா நின்றது. "மாடல பிள்ளதான் செய்யணும்ணு விதி உண்டே அம்மா," என்றார் மெதுவாக. தாளில் ஏதோ அடித்துத் திருத்தினார்.

இரண்டாம் இடம். மாவட்டப் போட்டிக்கு முதலிடம் மட்டும்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். பாதி வழியில்தான் கேட்டாள்.

"நான் சமாளிச்சாச்சுல்லா. நீ எதுக்கும்மா உள்ள வந்த?"

"பொய் சொல்லலாமா மக்ளே?"

"ஒன்னக் காட்டிக் குடுக்காண்டாம்ணுதானே சொன்னேன்."

உண்மையைச் சொன்னது நான். அதற்கு விலை கொடுத்தது அவள். சரியா, தப்பா? ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் புரிகிறது. எட்டுப் பேருக்கு இடமுள்ள வட்டத்தில் ஒன்பதாவதாக நுழையலாம் என்று எந்த எலக்ட்ரானும் நினைப்பதில்லை. அம்மாக்கள்தான் நினைக்கிறோம் — உதவி என்று பெயர் வைத்துக்கொண்டு!

இன்று காலை அவள் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். என் கை நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

அவளே கட்டினாள். கொஞ்சம் கோணல்தான்... நான் சொல்லவில்லை!