அம்மாவின் நகங்களைத் தேடிய நூலகம்

அம்மாவின் விரல் நகங்கள் கறுத்து உதிர்ந்தன. மலேசியாவில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்கும் குணமாகவில்லை. குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், காரணத்தை நானே கண்டுபிடிப்பேன் என்ற மிடுக்கோடு சுங்கைப் பட்டாணி நகர நூலகத்துக்குப் போனேன். அங்கே புத்தக விவரம் எழுதிய அட்டைகளைப் பொருள்வாரியாக இழுப்பறைகளில் அடுக்கியிருந்தார்கள். நோய், மருத்துவம் இரண்டையும் புரட்டினேன், கிடைக்கவில்லை.

“அம்மா என்ன வேல செய்றாங்க, தங்கச்சி?” என்று கேட்டார் நூலகப் பணியாளர்.

பள்ளித் தோழிகளிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. “தோட்டத்துல புல்லுக்கு மருந்து அடிக்கிறாங்க, அக்கா.”

“அப்படிச் சொல்லுலா. வா, விவசாயத்துல பாப்போம்.”

அங்கிருந்த அட்டை காட்டிய புத்தகத்தில் அம்மாவின் நகங்கள் அப்படியே படமாக இருந்தன. களைக்கொல்லி பட்டு வருவது, கையுறை அணிந்தால் நகம் மீண்டும் வளரும் என்றிருந்தது.

கையுறை போட்ட அம்மாவுக்குப் புது நகங்கள் முளைத்துவிட்டன. அவருடைய வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு நான் திரும்பியிருந்தால், அவை உதிர்ந்துகொண்டே இருந்திருக்கும்.