ஜூன் மாதத்து ஆறுமணிக்குருவி

பேய், பிசாசு, ஆவி, வாஸ்து எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கரண்ட் போனால் எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி தேடத் தனியாகப் போகிற ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் நான் வரும்வரை சோபாவில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் இதை எழுதும்போது நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சிரித்துவிட்டே படியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பெங்களூரில் இன்டர்நெட் வந்த புதிது. பறவை பார்க்கிறவர்களெல்லாம் சேர்ந்து ஈமெயில் குழு ஒன்று வைத்திருந்தோம். யார் எந்த ஏரியில் என்ன பார்த்தாலும் அன்றைக்கே எழுதிவிடுவோம். அரிய பறவை என்றால் கூட இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். தனியாகப் பார்த்தவன் சொல்லுக்கு, நாலு ரவுண்டுக்குப் பிறகு சத்தியம் செய்கிறவன் சொல்லுக்கு என்ன மதிப்போ, அதுதான்.

ஜெபராஜுக்கு விவேக் நகரில் எலெக்ட்ரிகல் கடை. ஒரு ஜூன் மாதம், பொம்மனஹள்ளி தாண்டி ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தைலமரத் தோப்பில் ஆறுமணிக்குருவியைப் பார்த்ததாகக் குழுவில் எழுதிவிட்டார். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கட்டை வாலுமாக இருக்கும் அந்தக் குருவி காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், அதனால் அந்தப் பெயர். குளிர்காலத்துக்கு நம் பக்கம் வந்துவிட்டு, வெயில் ஏறும்போது வடக்கே போய்விடும். ஜூனில் இங்கே அதைப் பார்த்தேன் என்பது சித்திரையில் பொங்கல் கொண்டாடினேன் என்பது மாதிரி. ஒருவர் உடனே பதில் எழுதினார்: "நண்பர் பார்த்தது யாரோ வளர்க்கிற கிளியாக இருக்கும், உரியவரிடம் சேர்த்துவிடவும்."

அன்று ராத்திரியே ஜெபராஜிடமிருந்து எனக்கு போன்.

"சார், நாளைக்கு நீங்க வந்து ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும் சார். இல்லேன்னா இவனுங்க இனிமே நான் காக்காவப் பாத்தேன்னாகூட சாட்சி கேப்பானுங்க."

"சாயங்காலம் வரேன்யா. ஞாயித்துக்கிழம மத்தியானத் தூக்கம் எனக்குப் பூச மாதிரி, வுட முடியாது."

"தூங்குங்க சார், நல்லா தூங்குங்க. குருவி உங்களுக்காக வெயிட் பண்ணும்."

மறுநாள் ஆஸ்டின் டவுனில் என் வீட்டில் அந்தப் பூஜை நடந்துகொண்டிருந்தபோது போன் மணி. ஜெபராஜின் மனைவி ஸ்டெல்லா.

"அண்ணா, அவரு உங்க கூடவா இருக்காரு? காலையில குருவி பாக்கணும்னு கெளம்புனவரு. பூசைக்கும் வரல. பிரியாணி ஆறிப் போச்சுண்ணா."

சர்ச்சுக்குப் போகாததைக்கூட விட்டுவிடலாம். ஜெபராஜ் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வரவில்லை என்பதை விட முடியாது. சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

தோப்பு ஓரத்தில் அவருடைய வண்டி நின்றது. சீட்டில் காய்ந்த இலைகள் விழுந்து கிடந்தன, நெடுநேரமாக நிற்கிறது. ஆள் இல்லை. "ஜெபா!" என்று கத்தினேன். தைலமரங்கள் காற்றில் போடுகிற இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளே மார்பளவுக்கு உண்ணிச்செடிப் புதர்.

எங்கள் ஆட்கள் காட்டுக்குள் கத்த மாட்டார்கள், பறவை பறந்துவிடும். ஒருவரை ஒருவர் தேட ஆளுக்கொரு பறவையின் விசில் வைத்திருந்தோம். தற்செயலாக என்னுடையது ஆறுமணிக்குருவி. தற்செயலாக என்பதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. இரண்டாவது சுரத்தில் எனக்கு மட்டும் கேஸ்கட் போன குக்கர் மாதிரி ஒரு 'புஸ்' சேர்ந்துகொள்ளும். குழுவில் அது பிரசித்தம். அடித்தேன்.

பதில் வந்தது. அதே இரண்டு சுரம், கடைசியில் அதே 'புஸ்'.

அப்பாடா என்றிருந்தது. மனுஷன் உயிரோடு இருக்கிறார், கிண்டல்கூடச் செய்கிறார் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் இது சகஜம். இருவர் இரண்டு பக்கத்திலிருந்து குருவி மாதிரி கூப்பிட்டு, எதிராளியைக் குருவி என்று நம்பி, தவழ்ந்து தவழ்ந்து போய்க் கடைசியில் மண்டையோடு மண்டை முட்டிக்கொண்ட கதைகள் உண்டு. நானே ஒருமுறை ஒரு ரிட்டயர்ட் கர்னலை முட்டியிருக்கிறேன்.

அதனால் பேசாமல் சத்தத்தைப் பின்தொடர்ந்தேன். நான் அடிக்க, அது அடிக்க, நான் நெருங்க நெருங்க அது கொஞ்சம் தள்ளிப்போய் அடித்தது. வழி தப்பினால் பதில் வராது, திரும்பினால் வரும். "யோவ் ஜெபா, வெளையாடாதய்யா, ஸ்டெல்லா அழுவுது" என்றேன். அதற்கும் விசில்தான்.

கடைசி விசில் என் முழங்காலுக்குப் பக்கத்துப் புதரிலிருந்து வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நின்றேன். புதரை விலக்கினேன். புதருக்கு அந்தப் பக்கம் தரையே இல்லை.

கைவிட்ட கல்குவாரி. ஆழத்தில் பச்சைத் தண்ணீர். பாதி இறக்கத்தில், மேஜையளவு பாறைத் திட்டில், ஒரு ஆலவேரைக் கட்டிக்கொண்டு ஜெபராஜ். கால் இருக்கக் கூடாத திசையில் இருந்தது. கண் சொருகி ஒருபக்கம் புரண்டிருந்தால் நேராகத் தண்ணீர்தான். அவருக்கு நீச்சல் தெரியாது.

பக்கத்தில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த தருமபுரிக்காரர்களைக் கூட்டி வந்தேன். "என்னா சார், குருவி பாக்கவா வந்தாரு? இங்க எங்க சாப்பாட்டுக் கூடையிலயே நூறு உக்காருமே," என்றபடி மேஸ்திரி கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஜெபராஜ் மேலே வந்து சேர்ந்ததும் நான் அழுதேன் என்று அவர் இன்றும் சொல்கிறார். கண்ணில் தைலமரத் தூசி என்று நானும் இன்றும் சொல்கிறேன்.

ஜெபராஜ் பேசிய முதல் வார்த்தையே சண்டைதான்.

"ஏன் சார்... மேல நின்னு அவ்ளோ நேரம்... விசில் அடிச்சீங்களே, ஒருவாட்டி எட்டிப் பாக்கக் கூடாதா?"

"நான் இப்பத்தான்யா வந்தேன். நீதான அடிச்ச?"

"நானா? மூச்சே வுட முடியல சார், நெஞ்சுல அப்படி வலி. நீங்கதான் மத்தியானத்துல இருந்து அடிக்கறீங்க. கண்ணு சொருகறப்பல்லாம் காதுகிட்ட உங்க குக்கரு. தூங்க வுட்டாத்தானே? உங்களத் திட்டித் திட்டியே முழிச்சிருந்தேன்."

மத்தியானம் நான் எங்கே இருந்தேன் என்பதற்கு என் குறட்டையும் என் மனைவியும் சாட்சி. ஜெபராஜுக்கு மூன்று விலா எலும்பு விரிசல் என்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே சொன்னது. விசில் என்ன, தும்மக்கூட முடிந்திருக்காது. ஸ்டெல்லா வார்டிலேயே அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, ஆறிப்போன பிரியாணியைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் ஊட்டாத குறை. அவ்வளவு ருசியான பிரியாணியை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.

குழுவில் எழுதினேன். பிற குரல்களை அச்சாகப் பிரதியெடுக்கிற கரிச்சான் குருவியாக இருக்கும் என்றார் ஒருவர். இருக்கலாம்தான். ஆனால் நான் அதற்கு முன் அந்தத் தோப்பில் கால் வைத்ததில்லை. என் குக்கரை அது எந்த வானொலியில் கேட்டது? எந்த வகைக் கரிச்சான் என்று அவர்களுக்குள் சண்டை மூண்டது. கால் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கால் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது தோப்பும் இல்லை, குவாரியும் இல்லை, எல்லாம் அபார்ட்மென்ட். நான் விசிலடிப்பதையே விட்டுவிட்டேன், பயமெல்லாம் இல்லை, வயசாகிவிட்டது.

ஆனால் எப்போதாவது சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் ஜெபராஜ் போன் செய்வார்.

"சார், எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்யா."

"விவேக் நகர் பக்கம் வரலியே?"

"இல்லியே. ஏன்?"

அவர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் போனில் கேட்கும். பிறகு, "சரி சார், சும்மாத்தான்," என்று வைத்துவிடுவார்.