சத்தமில்லாத கார்

பெட்ரோல் வரிசையில் நின்று நொந்துபோய்த்தான் அந்த முடிவை எடுத்தேன். என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய மின்சாரக் கார் ஒன்றின் மோட்டாரைப் பூட்டினேன். ஓட்டினால் சத்தமே இல்லை. அதில் எனக்கு அவ்வளவு பெருமை! ஹோர்ன் வயரைக்கூட இணைக்காமல் நமுனுகுலவிலிருந்து பதுளைக்கு இறங்கினேன்.

பாதி வழியில் பனிமூட்டம் சூழ்ந்தது. திடீரென்று கண்ணெதிரே முதுகுகள். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பும் பெண்கள் பாதை முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தேன். ஈரத்தில் டயர் வழுக்கியது. கத்த வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கடைசியாக நடந்த பெண்ணின் கூடையில் இடித்துத்தான் கார் நின்றது.

அவர் வெலவெலத்துத் திரும்பினார். "என்னங்க, பேய் மாதிரி வர்றீங்க? சத்தமே கேக்கலையே!"

"அடி பட்டிருச்சாங்க?"

அவர் கூடையைச் சரிசெய்துகொண்டார். "இல்லங்க. முன்னால இன்னும் நெறைய பேரு போறாங்க. மெதுவா என் பின்னால வாங்க."

காருக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். "வண்டி வருது, ஒதுங்குங்க!"

தன் லயத்துக்குப் பிரியும் பாதையையும் தாண்டி, பனி விலகும்வரை கூவிக்கொண்டே நடந்தார்.

இப்போது காரில் ஹோர்ன் இருக்கிறது. ஆனாலும் பனி இறங்கினால், அவர் கூவியதையே நானும் வாய்விட்டுக் கூவிக்கொண்டு போகிறேன்.