வாயால் சொல்லாத பாக்கி

யாருக்குக் காசு கொடுத்தாலும், அவர்கள் "சரியாப் போச்சு" என்று வாயால் சொல்லும்வரை அம்மா அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். பேருந்து நடத்துநர், மருந்துக்கடைக்காரர், மின்கட்டணம் வாங்குபவர் எல்லோரும் சொல்லியாக வேண்டும். ரசீது கொடுத்தால் போதாது. "காகிதம் யார் பக்கம் வேணும்னாலும் பேசும். நீங்க வாயால சொல்லுங்க" என்பாள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நிற்கும் மகளுக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு வேலை. கறைபட்ட விரிப்புகளைப் பிரித்துப் போடுவதும், வெந்து வந்தவற்றை ஈரத்தோடு இழுத்து எடுப்பதுமாக அவள் கைகள் முழங்கைவரை வெளுத்துப்போயிருந்தன. அங்கே அவளுக்குப் பெயரே 'வாயால சொல்லு அக்கா'தான்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் மகள். மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அதைப்போல மூன்று மடங்கு.

"ஒரே வகுப்புதானே?"

"ஆமாம்மா."

"ஒரே வாத்தியாரு?"

"ஆமா."

"அப்புறம் என்ன மூணு மடங்கு? நீ என்ன மூணு நாற்காலி போட்டா உட்காரப் போற?"

கேட்டாளே தவிர, கட்டாமல் விடவில்லை. சீட்டுப் பணத்தை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தாள். சேமநல நிதியில் கடன் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வினை கடைசிப் பருவத்தில் வந்தது. எதைக் கேட்டாலும் 'அடுத்த கவுண்டர்' என்று கைகாட்டுவதால் அதையே பட்டப்பெயராக வாங்கியிருந்த வங்கி ஊழியர், பணத்தை அனுப்பிவிட்டு, "எங்க பக்கம் சரியாப் போச்சும்மா" என்றார். எங்க பக்கம் என்ற அந்த ஒட்டு அம்மாவுக்கு உறுத்தியது. கேட்பதற்குள் அவர் அடுத்தவரை அழைத்துவிட்டார்.

கட்டணம் முழுதாக வரவில்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அம்மா வங்கிக்கு ஓடினாள்.

"நடுவுல ஒரு வங்கி கமிஷன் பிடிச்சிருக்கும்மா."

"எந்த வங்கி?"

"அது எங்களுக்கே தெரியாதும்மா."

குறைந்ததை மறுபடி அனுப்பினாள். நடுவில் இருந்தவன் அதிலும் கைவைத்தான். "பொண்ணைப் படிக்க வைக்கிறியா, பாங்கியைப் படிக்க வைக்கிறியா?" என்று அவளுடைய அண்ணன் சிரித்தார். மூன்றாம் முறை கூடுதலாகவே போட்டு அனுப்பினாள். அது முழுசாகப் போய்ச் சேர்ந்தபோது கெடு தாண்டிவிட்டது. தாமதக் கட்டணம் என்று ஒரு தொகையைத் தூக்கி வைத்தார்கள். நடுவில் போனதைப்போல அது பல மடங்கு. கட்டாவிட்டால் பட்டச் சான்றிதழ் கிடையாது.

மகள் அங்கே கட்டண அலுவலகத்தில் நின்று, கைபேசியில் அம்மாவை இணைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் புன்னகை மாறாமல் பேசினாள்.

"படிப்புக்கு உண்டான பணம் முழுசா வந்துடுச்சான்னு கேளு."

"வந்துடுச்சாம், அம்மா."

"அப்ப சரியாப் போச்சுன்னு வாயால சொல்லச் சொல்லு."

மகள் கேட்டாள். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள்.

"பாக்கி இல்லைன்னு கம்ப்யூட்டர் காட்டுற வரைக்கும் அவங்களால எதுவும் சொல்ல முடியாதாம்."

"வழியில புடுங்குனது ஒருத்தன். அபராதம் பறிகொடுத்தவளுக்கா? மூணு மடங்கு கேட்டாங்க, வாயை மூடிட்டுக் கொடுத்தேன். இது படிப்புக்கு இல்ல. என்னை ஏமாத்துக்காரின்னு சொல்றதுக்கு நானே காசு கொடுக்கணுமா? தரமாட்டேன். நீயும் கட்டக்கூடாது. கட்டினா நான் நேரத்துக்குக் கட்டலைன்னு ஆயிடும்."

கைபேசியில் அலறிய குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் புன்னகை காணாமல் போயிருந்தது. பள்ளிச் சீருடையில் வந்த அதே வெட்கம் மகளுக்கு ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அடுத்த கணம் அப்படி வெட்கப்பட்டதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

தேர்ச்சி பெற்று ஊர் திரும்பினாள். ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சான்றிதழைக் காட்டும்வரை பயிற்சிக்காலச் சம்பளம்தான் என்றார்கள். பக்கத்து மேசைக்காரன் அதே வேலைக்கு இவளைப்போல இரண்டு மடங்கு வாங்கினான். அம்மாவின் சீட்டுத் தவணையோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில், அம்மாவுக்குத் தெரியாமல் கட்டிவிடலாம் என்று பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தாள். அட்டை எண்ணெல்லாம் போட்டாகிவிட்டது. கடைசியில் ஒரு சிறு கட்டம். 'இது என் தரப்புத் தாமதத்தால் நேர்ந்த பாக்கி என ஒப்புக்கொள்கிறேன்.' அதில் ஒரு குறி போட்டால் போதும். சம்பளம் இரட்டிப்பாகும், அம்மா ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருப்பாள். வீம்பா நியாயமா? தன்னுடையதா அம்மாவுடையதா? இதை யோசிக்கும் வசதியே அந்த வெளுத்த கைகள் வாங்கிக் கொடுத்ததுதானே? விரல் மட்டும் அந்தக் கட்டத்தின்மேல் இறங்க மறுத்தது. பக்கத்தை மூடினாள்.

மாதம் பிறந்தால் நினைவூட்டல் வந்துவிடுகிறது. தாமதத்துக்கும் வட்டி சேர்ந்து தொகை வளர்ந்திருக்கிறது. பணம் செலுத்துபவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். மகள் படித்துச் சொல்வாள்.

"நாம கட்டினது சரியாப் போச்சுன்னு எழுதியிருக்காங்களா?"

"இல்லம்மா."

"அப்ப கிடக்கட்டும்" என்று அம்மா வேலைக்குச் செருப்பை மாட்டிக்கொள்வாள்.