ஒரகடத்தில் ராணியின் உயரம்

மட்டக்குதிரை தனி ரகமே இல்லை, வளராமல் நின்றுபோன குதிரைதான் என்று என் மைத்துனர் ஒரு கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் எதைச் சொன்னாலும் தலையாட்ட நாலு பேர் இருப்பார்கள், எனக்கு இருந்ததில்லை. வண்டி இழுப்பதற்கே பெயர்போன அந்தக் குட்டைக் குதிரையை நேரில் பார்த்துவிடுவது என்று, ஒரகடத்தில் ஞாயிறு காலையில் ஓட்டிப் பழக்குகிறார்கள் எனக் கேள்விப்பட்டு, சென்ற ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

தாம்பரத்தில் விடிகாலை மின்சார ரயில். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். அதன் பிறகுதான் குழப்பம். எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒரே மாதிரி சுவர், ஒரே மாதிரி கேட். ஒரு காவலாளியிடம் "இங்க குதிரை எங்க ஓட்டுறாங்க?" என்றேன். "விசிட்டர் பாஸ் கீதா?" என்றார்.

கடைசியில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் பின்னால், யாரும் போகாத சர்வீஸ் சாலையில் ராணியைப் பார்த்தேன். செம்பழுப்பு நிறம், முதுகு என் இடுப்புக்குச் சற்று மேலே. அதன் உரிமையாளர் முருகேசன் நைட் ஷிஃப்ட் முடித்த யூனிஃபார்மோடு நின்றார். எதிரே பந்தயக் கமிட்டி டேவிட், கையில் அளவுக்கட்டை. அவர்கள் நடத்தும் சின்னக் குதிரைப் பந்தயத்தில் 43 இன்ச்சுக்கு மேல் சேர்க்கமாட்டார்களாம். தாண்டினால் பெரிய குதிரைகளோடு ஓட வேண்டும்.

"அதுங்களோட இதால முடியாது சார். இந்த தபா ஜெயிக்கலன்னா பீச்சுல சவாரிக்கு வித்துடுன்னு வூட்ல ஒரே சண்ட," என்றார் முருகேசன்.

ஒருவர் அளப்பதை மற்றவர் நம்பவில்லை. கட்டை என் கைக்கு வந்தது. ராணியின் தோள்மேட்டில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்றரை.

"புது ஆளப் பாத்து மூச்ச இழுத்துகினு நிக்குது சார்!" என்றார் முருகேசன்.

"மூச்ச இழுத்தா ஒசர்றதுக்கு அது இன்னா பலூனா?" என்றார் டேவிட்.

முருகேசன் அதன் காதைத் தடவிக்கொடுத்தார். மறுபடி அளந்தேன், நாற்பத்திரண்டே முக்கால். ரோடு சரிவு என்றார் டேவிட். சமதளத்துக்கு நகர்த்தினோம், நாற்பத்து மூன்றேகால். அதே குதிரை, அதே கட்டை, அதே நான். இயற்பியலில் முதுகலை படித்தவனுக்கு எதை உயரம் என்று சொல்வது எனத் தெரியவில்லை.

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லு சார்," என்றார் முருகேசன்.

என்னை ஒரே ஒரு இன்டர்வியூவில் அளந்து ஒதுக்கியவர்கள் மேல் எனக்கு இன்னமும் ஆத்திரம் உண்டு. "நாற்பத்து மூன்று," என்றேன்.

டீக்கடையில் டேவிட் சிரித்தார். "நாப்பத்தி மூணுக்கு மேலதான் சார். ரெண்டு பேருக்கும் தெரியும். நான் பாஸ் பண்ணா, உனக்கு வேண்டியவனான்னு ஊரே கேக்கும். இப்ப மெட்ராஸ் சார் அளந்தாருன்னு சொல்லிக்கலாம்ல?"

"அப்போ அந்த வீட்டுச் சண்டை?"

"அது வேற சார். அது நெசம்," என்றார் முருகேசன்.

ராணி இப்போதைக்குக் கடற்கரைக்குப் போகாது. நான் நல்லது செய்தேனா, ஏமாந்தேனா, பந்தயத்தில் எதிரே ஓடும் இன்னொருவர் குதிரைக்குத் துரோகம் செய்தேனா, புரியவில்லை.

போகிறவர்கள் ஞாயிறு காலை ஏழுக்குள் போய்விடுங்கள். பிறகு வெயிலும் லாரியும். கட்டையைக் கொடுத்தால் அளந்து கொடுங்கள். ஃபோன் நம்பரை மட்டும் கொடுக்காதீர்கள். இன்னும் இரண்டு குதிரை அளக்கணுமாம், நேற்று கூப்பிட்டார்கள். முடியாது என்று சொல்லத்தான் ஃபோனை எடுத்தேன். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டுவிட்டேன்.